ஆடைக்குப் பிள்ளையா? பிள்ளைக்கு ஆடையா?

ஆண்டு விழா நெருங்கும்போதெல்லாம் ஆசிரியர் அறையின் மூலையிலிருந்து ஒரு தகரப் பெட்டி வெளியே வருகின்றது. கோலாட்டப் பாவாடைகள், கும்மிக்குரிய தாவணிகள், பரத நாட்டிய உடைகள் சில, அரசன் வேடத்துக்கான சரிகைச் சட்டை ஒன்று ஆகியவை அதனுள் மடித்து வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை கடையில் வாங்கியவை அல்ல. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துப் போட்டு வீடு திரும்பிய தாய்மார்கள் மாலை வேளைகளில் அமர்ந்து, கையாலும் கால்மிதி தையற்பொறியாலும் தைத்துக் கொடுத்தவை. எத்தனையோ விழாக்களில் எத்தனையோ பிள்ளைகளை அழகுபடுத்திய ஆடைகள் அவை.

அந்தப் பெட்டியை முன்னிட்டுச் சென்ற ஆண்டு நாங்கள் ஒரு தவறு செய்தோம். அதனை மறைக்காமல் கூறுவதே முறையாகும். கோலாட்டத்துக்குப் பெட்டியில் பன்னிரண்டு உடைகள் இருந்தன. எனவே பன்னிரண்டு மாணவியரைத் தேர்ந்தோம். நன்றாக ஆடுபவர் யார் என்று பார்த்தா தேர்ந்தோம்? இல்லை. உடை யாருக்குப் பொருந்துகின்றது என்று பார்த்துத் தேர்ந்தோம். தாளம் பிசகாமல் ஆடக்கூடிய ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு இரவிக்கையின் கொக்கி எட்டவில்லை. "நீ வரவேற்புக் குழுவில் இரும்மா" என்று கூறிவிட்டோம். அவள் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. விழாவன்று வாயிலில் சந்தனக் கிண்ணம் ஏந்தி நின்றாள். மேடையில் கோல்கள் தட்டும் ஒலி கேட்ட போதெல்லாம் அவள் பாதம் தரையில் மெல்லத் தாளமிட்டதை எங்களுள் சிலர் கண்டோம்.

"விழா இனிதே நிறைவுற்றது" என்று அறிக்கையில் எழுதினோம். 'இனிதே' என்ற அந்தச் சொல் இன்றும் எங்களை உறுத்துகின்றது.

ஆடைக்கேற்ற பிள்ளையைத் தேடுவது முறையன்று; பிள்ளைக்கேற்ப ஆடையைத் திருத்துவதே முறை. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

பெட்டியில் இருப்பது என்ன?

இந்த ஆடைகளின் அருமையை அறிய, அவற்றைத் தைத்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அறிதல் வேண்டும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மலாயா முழுவதும் துணிப் பஞ்சம் நிலவியது. தோட்டத்து மக்கள் சாக்குப் பைகளை வெட்டித் தைத்து உடுத்தினர். அந்த நாள்களைக் கண்ட பாட்டிமார்களிடம் வளர்ந்த பெண்கள் ஒரு முழத் துணியையும் வீணாக்க அறியார். பழைய சேலை பாவாடையாகும். பாவாடை தம்பிக்குச் சட்டையாகும். சட்டை கிழிந்தால் தலையணை உறையாகும். அதுவும் நைந்தால் விளக்குத் துடைக்கும் துணியாகும். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்னும் பழமொழி அவர்களுக்கு வெறும் பாடநூல் வாசகம் அன்று. அன்றாட வாழ்வாக இருந்தது.

காலம் மாறிவிட்டது. குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. குடும்பங்கள் பல ஜொகூர் பாரு, மாசாய், பாசிர் கூடாங் பக்கம் குடிபெயர்ந்துவிட்டன. தைத்த கைகள் எங்கெங்கோ சென்றுவிட்டன. தைத்த ஆடைகள் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டன. அவற்றைப் பெட்டியிலேயே மக்கவிடுவதும், 'பொருந்தவில்லை' என்று குப்பையில் எறிவதும், பொருந்தாத பிள்ளையை மேடையிலிருந்து இறக்குவதும் ஆகிய மூன்றுமே அந்தத் தாய்மார்களின் உழைப்புக்கு நாம் செய்யும் அவமதிப்பாகும்.

"பழைய கைவேலையில் கத்தரி வைக்கலாமா?"

இந்தக் கருத்தை எடுத்துரைத்தபோது பெற்றோர் சிலர் தடை கூறினர். "அது அம்மா தைத்த உடை. பிரித்தால் அவர் கைவேலை போய்விடுமே" என்றார் ஒருவர். அன்பினால் எழுந்த தடை அது. ஆதலால் அதற்குப் பொறுப்புடன் விடை கூறுதல் வேண்டும்.

அந்த விடையை ஆடையே கூறிற்று. சென்ற மாதம் பன்னிரண்டு பாவாடைகளையும் உட்புறம் திருப்பிப் பார்த்தோம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மூன்று விரற்கடை அகலத்துக்குத் துணி உள்ளே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. இரவிக்கைகளின் பக்கத் தையலிலும் அரை அங்குலத்துக்கு மேல் துணி விடப்பட்டிருந்தது. வெளியே தெரியாத அந்தத் துணி எதற்காக? பிள்ளை வளரும், அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளை உடுத்தும் என்று எண்ணியே அந்தத் தாய் அதனை விட்டுவைத்திருக்கின்றார். எந்தப் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. ஆயினும் அந்தப் பிள்ளைக்கு இடம் ஒதுக்கிவிட்டார். ஆகவே தையலைப் பிரித்து ஆடையை அகலப்படுத்துவது அவர் வேலையைக் கெடுப்பதாகாது; அவர் தொடங்கிய வேலையை முடிப்பதேயாகும்.

பிற நாட்டு வழக்கங்களும் இதனையே கூறுகின்றன. ஜப்பானியர் தம் கிமோனோ உடையை நேரான துண்டுகளாக வெட்டிக் கையால் தைப்பர். துவைக்க வேண்டின் தையலைப் பிரித்துத் துண்டுகளாக்கித் துவைத்து மீண்டும் தைக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. சிறுவர் உடையில் தோளிலும் இடுப்பிலும் துணியை மடித்துத் தைத்து, பிள்ளை வளர வளர அந்த மடிப்பை அவிழ்த்துவிடுவர். இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள 18ஆம் நூற்றாண்டுப் பட்டுடைகளில் பல, ஒருமுறை தைத்துப் பின்னர் பிரித்து வேறு அளவுக்கு மாற்றப்பட்டவையே. பட்டு விலையுயர்ந்ததாக இருந்த காலத்தில் செல்வர் வீட்டிலும் அதுவே வழக்கம்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் பள்ளியின் மலாய் ஆசிரியைகள் உடுத்தி வரும் பாஜு கூரோங்கைப் பாருங்கள். அதன் தெலுக் பெலாங்கா வகை நம் ஜொகூர் மாநிலத்துக்கே உரியது. தஞ்சோங் புத்திரி என்ற ஊர் 1866இல் ஜொகூர் பாரு எனப் பெயர் பெற்ற சுல்தான் அபு பக்கர் காலத்தோடு அதனைத் தொடர்புபடுத்திக் கூறுவர். அந்த உடையின் பக்கங்களில் 'பெசாக்' என்னும் துண்டும், அக்குளில் 'கெக்கெக்' என்னும் சிறு துண்டும் சேர்த்துத் தைப்பார்கள். உடல் அசைய இடம் கொடுப்பதே அவற்றின் பயன். நம் பெட்டியில் உள்ள இரவிக்கைகளுக்கு வேண்டிய மருந்தும் இதுவேயாகும்.

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் ஆடப்பெறும் தெருக்கூத்தை எண்ணிப் பாருங்கள். கிரீடம், மார்பதக்கம், புஜகீர்த்தி ஆகியவற்றைக் கனம் குறைந்த கலியாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்துக் கயிற்றால் உடலில் கட்டுவர். கயிற்றுக்கு அளவு ஏது? ஒல்லியானவரும் பருத்தவரும் அதே அணியைக் கட்டிக்கொண்டு துரியோதனன் ஆகலாம். நம் சேலையும் வேட்டியும் அத்தகையனவே. உடுத்துபவரின் உடலைக் கேட்டே அவை உருவம் கொள்கின்றன. பரத நாட்டியத்திலும் முற்காலத்தில் சேலையைச் சுற்றி உடுத்தியே ஆடினர். 1935இல் அடையாற்றில் மேடையேறி, 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல், கோயிற் சிற்பங்களை நோக்கி ஆடற்கோலத்தைப் புதுப்பித்தார். காலப்போக்கில் அளவெடுத்துத் தைத்த விசிறி மடிப்பு உடை எங்கும் பரவிற்று. அந்த உடை அழகானது, விரைந்து அணியக்கூடியது. ஆனால் 'எனக்குப் பொருந்தவில்லை' என்று ஒரு பிள்ளை வருந்தும் நிலை தைத்த உடையோடு வந்தது எனலாம்.

திருத்தும் முறை

தையல் அறிந்த தாய்மார்களுக்கு நாங்கள் பாடம் நடத்த முற்படவில்லை. எனினும் இவ்வேலையில் ஈடுபட்டபோது கற்றுக்கொண்டவற்றைப் பகிர்ந்துகொள்வது பிறருக்கும் பயன்படும்.

முதலில் அளவு. பிள்ளையை நிமிர்ந்து நிற்க வைத்து மட்டும் அளவெடுத்தால் போதாது. மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்லி மார்பை அளக்க வேண்டும். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தச் சொல்லி முதுகை அளக்க வேண்டும். அரைமண்டியில் அமரச் சொல்லி இடுப்பையும் தொடையையும் அளக்க வேண்டும். நிற்கும்போது பொருந்திய உடை ஆடும்போது கிழிவதன் காரணம் இதுவே.

அடுத்தது கணக்கு. மாணவர்களே, இது உங்கள் கணிதப் பாடமும் ஆகும். ஓர் இரவிக்கைக்குப் பக்கத் தையல்கள் இரண்டு. ஒவ்வொரு தையலிலும் முன்துணி, பின்துணி என இரண்டு ஓரங்கள். ஒவ்வோர் ஓரத்திலும் அரை அங்குலம் வெளியே விட்டால் மொத்தம் எத்தனை அங்குலம் கிடைக்கும்? நான்கு அரைகள், ஆக, இரண்டு அங்குலம். அதுவே பல பிள்ளைகளுக்குப் போதுமானது. நான்கு அங்குலம் வேண்டுமாயின், ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு அங்குல அகலத்தில் ஒரு துண்டு சேர்க்க வேண்டும். தையலுக்காக இருபுறமும் அரை அரை அங்குலம் கூட்டி, அத்துண்டை மூன்று அங்குலமாக வெட்ட வேண்டும். கை தூக்கும்போது இழுத்தால் அக்குளில் சதுரத் துண்டு ஒன்று வைக்கலாம். முதுகில் கொக்கி எட்டாவிடின், கொக்கிகளை எடுத்துவிட்டு இருபுறமும் துணிக் கண்ணிகள் தைத்து நாடா கோத்து முடியலாம். உள்ளே அதே நிறத்தில் ஒரு பட்டை வைத்தால் முதுகு தெரியாது. நாடாவால் முடியும் இரவிக்கை ஒல்லியான பிள்ளைக்கும் பருத்த பிள்ளைக்கும் பொருந்தும். கூத்துக்காரரின் கயிறு செய்யும் வேலையை அது செய்கின்றது.

துணியின் இயல்பையும் அறிதல் வேண்டும். பருத்தித் துணியில் பழைய ஊசித் துளைகள் ஈரம் தெளித்துத் தேய்த்தால் பெரும்பாலும் மறையும். பட்டில் அவை மறைவதில்லை. மேலும், உள்ளே மறைந்திருந்த துணி வெயிலும் வியர்வையும் படாததால் அடர்ந்த நிறத்தோடு வெளிப்படும். அந்தக் கோட்டின் மேல் சரிகைப் பட்டை ஒன்று வைத்துத் தைத்தால் குறையே அணியாகிவிடும். சேர்க்கும் புதுத்துணியை முதலில் நனைத்து உலர்த்திச் சுருங்கவிட்ட பின்னரே வெட்ட வேண்டும். பழந்துணிக்கு மிக உறுதியான நூல் ஆகாது. துணியைவிட நூல் வலிமையானால் இழுக்கும்போது நூல் நிற்கும், துணி கிழியும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு: பிரிப்பதைப் பிரிக்கலாம், வெட்டுவதை மட்டும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். சேர்த்ததை நாளை எடுத்துவிடலாம். வெட்டி எறிந்ததைத் திரும்பப் பெற இயலாது. சிறிய பிள்ளைக்காகக் குறைக்க நேர்ந்தாலும் துணியை உள்ளே மடித்துத்தான் தைக்க வேண்டும். பசை கொண்டு ஒட்டுதல் கூடவே கூடாது.

அப்படியானால் எல்லா ஆடைகளையும் திருத்தத்தான் வேண்டுமா? அன்று. மடித்த இடத்திலேயே விரிந்து போகும் நைந்த பட்டும், இனி யாரும் செய்ய இயலாத நுண்ணிய கைவேலை கொண்ட உடையும் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றை மேடைக்கு அனுப்பாமல் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, நம் நாட்டு ஈரக்காற்றில் பூசணம் பிடிக்காமல் அவ்வப்போது காற்றாட விரித்து, மடிப்பை மாற்றிமாற்றி வைத்துக் காக்க வேண்டும். ஆண்டுக்கொரு நாள் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டி, அதன் கதையைக் கூற வேண்டும். உழைக்க வல்ல ஆடை உழைக்கட்டும். ஓய்வு பெற்ற ஆடை பாடம் சொல்லட்டும்.

"வாடகைக்கு எடுத்தால் என்ன?"

இன்னொரு கருத்தும் கூறப்படுகின்றது. "பட்டணத்தில் வாடகைக்கு உடை கிடைக்கின்றது, இத்தனை தொல்லை எதற்கு?" என்பர். வசதி உள்ளோர்க்கு அது எளிது. ஆனால் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் மூவருக்கும் வாடகை, நகை, பூ, ஒப்பனை என்று கூட்டிப் பாருங்கள். "எனக்கு ஆட விருப்பமில்லை சார்" என்று ஒரு பிள்ளை கூறும்போது அது விருப்பமின்மையா, வீட்டு நிலைமையை உணர்ந்த பொறுப்பா என்று நாம் கேட்டதுண்டா? தோட்டத்துப் பிள்ளைகள் சீக்கிரமே பொறுப்பறிந்து விடுகின்றார்கள். அது பெருமைக்குரியதே, ஆயினும் அந்தப் பொறுப்பை நாம் பயன்படுத்திக்கொள்ளுதல் தகாது.

மேலும், வாடகை உடைக்கும் அளவு உண்டு. அங்கும் பருத்த பிள்ளைக்கு, உயர்ந்த பிள்ளைக்கு உடை கிடைப்பது அரிது. பணம் கொடுத்தும் அதே வாயிலில்தான் வந்து நிற்போம்.

1975இல் நம் நாட்டில் பாடநூல் இரவல் திட்டம் தொடங்கிற்று. ஒரு மாணவன் படித்த நூலை அடுத்த ஆண்டு வேறொரு மாணவன் படிக்கின்றான். ஏழைப் பிள்ளை நூலின்றி நின்றதில்லை. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேமித்துத் தோட்டங்களையே வாங்கினர். தனித்தனியே இயலாததைச் சேர்ந்து செய்யும் வழி நமக்குப் புதிதன்று. பாடநூலையும் தோட்டத்தையும் பொதுவாகக் கொள்ள அறிந்த நாம், ஒரு பெட்டி உடையைப் பொதுவாகப் பேண மாட்டோமா?

நாம் செய்ய வேண்டியவை

இவ்வாண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஆடலுக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. முதலில் பிள்ளை, பின்னரே உடை. தேர்வு முடிந்த பிறகு விழாவுக்கு எட்டு வாரங்கள் இருக்கும்போதே அளவெடுத்தல் வேண்டும். அளவெடுக்கும் பொறுப்பைத் தாய்மார் இருவர் ஏற்று, தனி அறையில், ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். மற்றவர் முன் உரக்கக் கூறுதல் கூடாது. வளரும் பிள்ளையின் உடல் ஏளனத்துக்குரிய பொருளன்று. "இவளுக்கு எங்கே உடை கிடைக்கும்?" என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்லும் ஒரு சொல்லை அந்தப் பிள்ளை பெரியவள் ஆன பின்னும் மறப்பதில்லை.

சனிக்கிழமை மாலைகளில் பள்ளி மண்டபத்தில் கூடித் திருத்த வேலையைச் செய்யலாம். பாட்டிமார்களை அழைத்து வாருங்கள். கண் மங்கியிருந்தாலும் எந்தத் தையலை எங்கே பிரிக்க வேண்டும் என்பதை விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள். நான்காம் ஆண்டுக்கு மேற்பட்ட மாணவரும் மாணவியரும் உடனிருந்து ஊசியில் நூல் கோக்கவும், கொக்கி தைக்கவும் கற்கட்டும். ஊசி பெண்பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. அறுந்த பொத்தானைத் தைக்கத் தெரியாத ஆண்பிள்ளை பாதிக் கல்வியே பெற்றவன்.

ஒவ்வோர் உடைக்கும் ஓர் அட்டை எழுதி வைப்போம். எந்த ஆண்டில் யார் தைத்தது, எந்த ஆண்டில் என்ன திருத்தம், எந்தப் பிள்ளைக்காகத் திருத்தியது என்பவை அதில் இருக்கட்டும். பத்தாண்டு கழித்து அந்த அட்டையைப் படிக்கும் மாணவி, தான் உடுத்தியிருப்பது துணி மட்டுமன்று, பல கைகளின் அன்பு என்பதை உணர்வாள்.

நாம் சேர்க்கும் புதிய துண்டிலும் மூன்று விரற்கடைத் துணியை உள்ளே விட்டுத் தைப்போம். நமக்குத் தெரியாத ஒரு பிள்ளை என்றோ ஒருநாள் வருவாள். அவளுக்கும் இடம் வேண்டும்.

பன்னிரண்டு உடைகளுள் ஒன்றை இப்போது திருத்தி முடித்துவிட்டோம். பக்கங்களில் பச்சைத் துண்டும், பிரித்த கோட்டின் மேல் மெல்லிய சரிகையும், முதுகில் நாடாவும் வைத்துள்ளோம். சென்ற ஆண்டு வாயிலில் நின்ற மாணவி இப்போது ஆறாம் ஆண்டில் படிக்கின்றாள். இந்தப் பள்ளியில் அவளுக்கு இதுவே இறுதி ஆண்டு விழா. உடையை அணிந்து பார்க்கச் சொன்னோம். கைகளை உயர்த்தினாள், குனிந்தாள், ஒருமுறை சுழன்றாள். எங்கும் இழுக்கவில்லை. "கோல் எங்கே, டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி ஓராண்டு தாமதமாக எழுந்தது. அந்தத் தாமதம் எங்கள் குற்றம். இனி எந்தப் பிள்ளைக்கும் அது நேராமல் காப்பது நம் அனைவரின் கடமையாகும்.